47 பேர் இறந்த ஊர், ரயிலை நிறுத்திவிட்டுப் போனவர்மேல் ஏன் பாயவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. 2013 ஜூலையில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லாக்-மெகாந்திக் என்ற சின்ன ஊரில் கச்சா எண்ணெய் ரயில் தடம்புரண்டு 47 பேர் இறந்தார்கள். ரயிலை மேட்டில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போன ஓட்டுநர் 2018இல் விடுதலையானார். ஊர்க்காரர்கள் பலர் அதைக் கேட்டு நிம்மதி அடைந்ததாகப் படித்துவிட்டு, "இது எப்படி முடியும்? நம்ம பக்கமாக இருந்தால் அடித்தே கொன்றிருப்பார்கள். என் தம்பி போன வருடம்தான் அசிஸ்டண்ட் லோகோ பைலட்டாகச் சேர்ந்தான், அதனால்தான் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த மனிதர் தப்பு செய்தாரா என்பது ஒன்று. அப்படிச் செய்திருந்தால் அந்த ஊர் ஏன் வேறு பக்கம் திரும்பிக் கோபப்பட்டது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

நான் முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் இருந்தவன். பெரும்பகுதி கூட்ஸ் வண்டிதான். அதிலும் பல வருடம் பெட்ரோல், டீசல் டேங்கர் ரேக்குகள், அதாவது முழுக்க டேங்கர்களைக் கோத்த வண்டிகள். கடைசிக் காலத்தில் லோகோ இன்ஸ்பெக்டராக இருந்து இளம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கனடாவுக்கு நான் போனதில்லை. பிரெஞ்சு தெரியாது. அந்த ஊர்க்காரர்களின் மனது எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்திகள் வழியாகத்தான். விபத்து எப்படி நடந்தது என்பதற்குக் கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. அதை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை படித்திருக்கிறேன். பிரேக் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். மனிதர்களின் மனது பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பாருங்கள்.

அந்த வண்டி 72 டேங்கர்கள், ஐந்து எஞ்சின்கள். நீளம் சுமார் 1.4 கிலோமீட்டர், எடை ஒன்பதாயிரம் டன்னுக்கு மேல். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஏற்றிய பாக்கன் கச்சா எண்ணெய், கனடாவின் கிழக்குக் கோடியில் செயின்ட் ஜான் நகரத்து இர்விங் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பகுதியை ஓட்டிய கம்பெனி மான்ட்ரியால், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் ரயில்வே, சுருக்கமாக எம்எம்ஏ. ஜூலை 5 இரவு பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டுநர் டாம் ஹார்டிங் அதை நான்ட் என்ற இடத்தில் மெயின் லைனிலேயே நிறுத்தினார். பக்கத்தில் ஒரு சைடிங், அதாவது வண்டியை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தண்டவாளம், இருந்தது. அதில் கம்பெனியின் வேறு பெட்டிகள் நின்றன. நான்ட்டிலிருந்து லாக்-மெகாந்திக் பதினொன்றரை கிலோமீட்டர். வழி நெடுகச் சரிவு, சராசரியாக நூறு அடிக்கு ஏறத்தாழ ஒரு அடி இறக்கம். சாலையில் போகிறவர் கண்ணுக்கு அது சரிவாகவே தெரியாது. எஞ்சினில் உட்கார்ந்தவனுக்கு அது நல்ல இறக்கம்.

வண்டியில் அவர் ஒருவர்தான். உதவிக்கு ஆள் கிடையாது, கார்டு கிடையாது. ஒற்றை ஆள் வைத்து ஓட்ட அந்தக் கம்பெனிக்கு அரசாங்கமே 2012இல் இடம் கொடுத்திருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், உங்கள் தம்பிக்கும் இது வேண்டும். நிற்கிற வண்டியைப் பிடித்து வைக்க இரண்டு வழி. ஒன்று காற்று, இன்னொன்று கை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை கம்ப்ரசர் காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிரேக் கவ்விக்கொண்டே இருக்கும். எஞ்சின் அணைந்தால் காற்று கசியத் தொடங்கும். எந்த வண்டியிலும் கசியும், கசியாத வண்டி கிடையாது. ஆகவே ஆளில்லாமல் விட்டுப் போகும் வண்டியைக் காற்றை நம்பி விடக் கூடாது. ஹேண்ட் பிரேக் சக்கரத்தைக் கையால் சுற்றி, பிரேக் கட்டை வண்டிச் சக்கரத்தின்மேல் அழுந்தும்வரை இறுக்க வேண்டும். நம் பக்கம் அதோடு சங்கிலி போட்டுப் பூட்டுவோம், சக்கரம் உருளாமலிருக்கத் தண்டவாளத்தில் ஸ்கிட் என்ற இரும்புத் தடையை வைப்போம். ஹார்டிங் ஏழு ஹேண்ட் பிரேக் போட்டார். எல்லாம் முன்னால் இருந்த எஞ்சின்களிலும் அவற்றோடு சேர்ந்த இரண்டு வாகனங்களிலும்தான். எண்ணெய் டேங்கர் ஒன்றில்கூடப் போடவில்லை. கம்பெனியின் சொந்த விதிப்படியே குறைந்தது ஒன்பது போட்டிருக்க வேண்டும். அந்தச் சரிவுக்கும் எடைக்கும் குறைந்தது 17, நிலைமையைப் பொறுத்து 26 வரை தேவைப்பட்டிருக்கும் என்று வாரியம் கணக்கிட்டது. ஏன் ஒரே எண்ணைச் சொல்லவில்லை என்றால், ஒவ்வொரு ஹேண்ட் பிரேக்கும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும். துருவேறிய சங்கிலி, தேய்ந்த கட்டை, அன்றைக்குச் சுற்றுகிறவனின் கைபலம் என்று எல்லாமே கணக்கில் வரும்.

போட்டதும் சோதித்தாரா? சோதித்தார். ஆனால் எஞ்சினின் காற்று பிரேக்கை விடாமலேயே இழுத்துப் பார்த்தார். ஸ்கூட்டரை இறக்கத்தில் நிறுத்தும்போது ஸ்டாண்ட் தாங்குகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? பார்க்கும்போது பிரேக்கையும் கையால் பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்டாண்டைப் பற்றி என்ன தெரியும்? அதுதான் நடந்தது. வண்டி அசையவில்லை, அவர் திருப்தியடைந்தார். உண்மையில் அதை நிறுத்தி வைத்திருந்தது காற்று.

இந்தத் தப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு யார்டில் மழை இரவில் ஒரு டேங்கர் ரேக்கை நிறுத்தினோம். என்னோடு இருந்த பையன் ஆறு வேகனுக்கு ஹேண்ட் பிரேக் சுற்றிவிட்டு வந்து "போட்டாச்சு சார்" என்றான். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறில் இரண்டில் சக்கரம் சுற்றியிருந்தது, கட்டை பிடிக்கவேயில்லை. விரலை விட்டால் இடையில் போகும். பையன் பொய் சொல்லவில்லை. சுற்றினான், கை வலிக்கச் சுற்றினான். சுற்றியதும் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டான். ஹார்டிங்கைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் நனைந்த முகம்தான் ஞாபகம் வரும்.

இனி மற்ற பாதி. முன் எஞ்சினில் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பழுது வந்தது. முறைப்படி சரிசெய்ய நேரமும் பணமும் ஆகும் என்று எபாக்சி பசை மாதிரியான ஒரு பொருளை வைத்து ஒப்பேற்றினார்கள். அது தாங்கவில்லை. அன்று இரவு எஞ்சின் புகைந்துகொண்டிருந்தது, எண்ணெய்த் துளிகள் தெறித்தன. ஹார்டிங்கை ஓட்டலுக்கு அழைத்துப் போன டாக்சிக்காரர்கூட அதைப் பார்த்தார். எஞ்சினில் கோளாறு என்பது கம்பெனிக்கும் தெரியும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பதினொன்றே முக்கால் வாக்கில் எஞ்சின் தீப்பிடித்தது. நான்ட் தீயணைப்புப் படையினர் வந்து, விதிப்படி எஞ்சினை நிறுத்தி, தீயை அணைத்தார்கள். கம்பெனி அனுப்பிய ஆள் தண்டவாளப் பராமரிப்புப் பணியாளர், எஞ்சின் பற்றித் தெரியாதவர். வண்டிகளின் போக்கைக் கவனிக்கும் கண்ட்ரோலருக்கு எல்லாம் சரி என்று தகவல் போனது. எல்லாரும் கிளம்பினார்கள். வேறு எஞ்சின் எதுவும் ஓடவில்லை. காற்று மெல்ல மெல்ல இறங்கியது. நள்ளிரவு ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி தானாக நகர்ந்தது.

விளக்கில்லை, ஹாரன் இல்லை. ஊருக்குள் நுழையும்போது வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஒன்றேகால் மணிக்கு ஊர் நடுவில் உள்ள வளைவில் 63 டேங்கர்கள் தடம்புரண்டன. ஏறத்தாழ அறுபது லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டி எரிந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மியூசி-கஃபே என்ற மதுக்கூடம். வெள்ளிக்கிழமை இரவு, கோடைக்காலம், உள்ளே பாட்டுக் கச்சேரி. இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே இருந்தவர்கள். மற்றவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். ஐந்து பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவேயில்லை. மக்கள்தொகை ஆறாயிரம். அப்படிப்பட்ட ஊரில் 47 பேர் என்றால், இறந்தவரில் ஒருவரையாவது நேரில் தெரியாத ஆளே அந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்.

சரி, இப்போது மக்கள் பக்கம் வருகிறேன். முதல் சில நாட்களில் கோபமே தெரியவில்லை. அதிர்ச்சியும் வேலையும்தான். இரண்டாயிரம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் வந்தன. எல்லை தாண்டி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்தும் வந்தன. பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் மறுநாள் வந்து, இடம் போர்க்களம் மாதிரி இருக்கிறது என்று சொன்னார். ஊர் மேயர் கொலெத் ரோய்-லரோஷ் ஒவ்வொரு நாளும் பத்திரிகையாளர்கள் முன் வந்து, குரல் உடையாமல் விவரம் சொன்னார். கருங்கல் வெட்டும் பகுதி அது, அதனால் அவருக்குக் கருங்கல் பெண்மணி என்று பேர் வந்தது.

கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்தது ஐந்தாம் நாள். எம்எம்ஏயின் தலைவர் எட்வர்ட் பர்க்ஹார்ட் ஜூலை 10ஆம் தேதிதான் ஊருக்கு வந்தார். அதற்கு முன்பே கம்பெனி தரப்பில் எஞ்சினை நிறுத்திய தீயணைப்பு வீரர்கள்மேல் பழி போடப்பட்டிருந்தது. வந்த அன்று பர்க்ஹார்ட், ஓட்டுநர் ஹேண்ட் பிரேக் போட்டதாகச் சொன்னதைத் தான் நம்பவில்லை என்றார். சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். பிணங்களைத் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று முதலில் தீயணைப்பு வீரன், அப்புறம் ஓட்டுநர் என்று கீழே கையைக் காட்டியதை அந்த ஊர் மறக்கவில்லை. என் கணிப்பில், யார்மேல் கோபப்படுவது என்பது அந்தச் சில நாட்களில்தான் முடிவானது. இது என் ஊகம், ஆய்வு முடிவு அல்ல. ஆனால் முப்பது வருடமாகப் பல விபத்து விசாரணைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேலே உள்ளவர் "என் பொறுப்பு" என்று முதல் வார்த்தையில் சொல்லியிருந்தால், மக்கள் கீழே உள்ளவனைத் தேடிப் போயிருக்கலாம். அவர் கீழே தள்ளியதால் மக்கள் மேலே பார்த்தார்கள்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அது ரயிலோடு வாழ்ந்த ஊர். தண்டவாளம் ஊரின் நடுத்தெருவைக் கடந்து போகும். பாதையின் நிலைமையும் வண்டிகள் நீண்டுகொண்டே போனதும் தெரியாதவர்கள் அங்கே இல்லை. கனடாவில் ரயிலில் போன கச்சா எண்ணெய் 2009இல் வெறும் 500 டேங்கர். 2013இல் ஒரு லட்சத்து அறுபதாயிரம். நாலே வருடத்தில். பாதை அதே பாதை, ஆள் முன்பைவிடக் குறைவு. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்களுக்கு, அன்று இரவு ஒருவர் ஏழு சுற்றினாரா பதினேழு சுற்றினாரா என்பது கதையின் கடைசி வரியாகத்தான் தெரிந்திருக்கும்.

2014 மே மாதம் ஹார்டிங்கையும், கண்ட்ரோலர் ஒருவரையும், போக்குவரத்து மேலாளர் ஒருவரையும் கைது செய்தார்கள். ஹார்டிங் வீட்டுக்கு ஆயுதப் போலீஸ் போனது. மூவரையும் கைவிலங்கோடு லாக்-மெகாந்திக் கொண்டுவந்து, தற்காலிக நீதிமன்றமாக இருந்த விளையாட்டு அரங்கத்துக்குள் காமிராக்கள் முன் நடத்திச் சென்றார்கள். ஊர் கொதிக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கூடியிருந்தவர்கள் பெரும்பாலும் மௌனமாக நின்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் மட்டும் உரக்கக் கத்தினார். நாங்கள் கேட்டது இவர்களை அல்ல என்பதுதான் அவர் கத்தியதன் பொருள். நீங்கள் படித்த நிம்மதிக்கான விதை இங்கேயே விழுந்துவிட்டது. தீர்ப்பு வந்தது நாலு வருடம் கழித்து.

மூன்று மாதம் கழித்து வந்த வாரியத்தின் அறிக்கை, ஊர் உணர்ந்ததற்கு எழுத்து வடிவம் கொடுத்தது. விபத்துக்குக் காரணமானவை என்று 18 விஷயங்களை அது எடுத்துச் சொன்னது. ஹேண்ட் பிரேக் அதில் ஒன்று. ஒப்பேற்றிய எஞ்சின், பயிற்சிக் குறைபாடு, பாதுகாப்பில் அக்கறை இல்லாத கம்பெனி நிர்வாகம், கம்பெனியைச் சரியாகக் கண்காணிக்காத மத்தியப் போக்குவரத்துத் துறை, எளிதில் கிழியும் பழைய ரக டேங்கர்கள் என்று மற்றவை. எண்ணெயின் அபாய வகையைக்கூட உண்மையைவிடக் குறைவாகப் பதிந்திருந்தார்கள். கச்சா எண்ணெய் தார் மாதிரி மந்தமாக எரியும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பாக்கன் எண்ணெய் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். தங்கள் வீட்டு வாசல் வழியாகப் போவது எது என்று ஊர்க்காரர்களுக்கோ தீயணைப்புப் படைக்கோ யாரும் சொல்லியிருக்கவில்லை. என்ன சரக்கு போகிறது என்ற விவரத்தை ஊராட்சிகளுக்குத் தர வேண்டும் என்ற உத்தரவே விபத்துக்கு அப்புறம், 2013 நவம்பரில்தான் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் இருந்திருந்தால் விபத்து நடந்திருக்காது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். தொழிற்சங்கங்கள் சொல்கின்றன, நானும் மனதளவில் அப்படித்தான் நினைக்கிறேன். இருட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் வண்டியில் தனியாக ஏறி இறங்கிப் பிரேக் போடுவது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் வாரியம் அப்படி முடிவு செய்யவில்லை. இரண்டாவது ஆள் இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் எழுதியது. இரண்டு பேருமே அதே கம்பெனியின் அதே பழக்கத்தில் ஊறியவர்களாக இருந்திருக்கலாம் இல்லையா? ஆகவே இதை உறுதியான உண்மை வரிசையில் வைக்காதீர்கள்.

வழக்கு ஷெர்புரூக் நகரில் 2017 அக்டோபரில் தொடங்கியது. ஜூரிகள் ஒன்பது நாள் உட்கார்ந்து பேசி 2018 ஜனவரி 19 அன்று மூவரையும் விடுவித்தார்கள். குற்றவியல் அலட்சியத்தால் 47 பேருக்கு மரணம் விளைவித்தது என்பதுதான் குற்றச்சாட்டு. "விடுதலை" என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, அவர் தப்பே செய்யவில்லை என்று ஆகிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மாதமே ரயில்வே பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேறொரு வழக்கில், விதிப்படி பிரேக் போடாததையும் சரியாகச் சோதிக்காததையும் ஒப்புக்கொண்டார். சிறைக்கு வெளியே, நிபந்தனைகளோடு கழிக்கும் ஆறு மாதத் தண்டனை கிடைத்தது. கம்பெனியின் வேறு சில அதிகாரிகளுக்கு ஆளுக்கு 50,000 டாலர் அபராதம். கம்பெனி? அது 2013 ஆகஸ்டிலேயே திவாலாகிவிட்டது. அதன்மேல் இருந்த 47 மரணங்களுக்கான குற்ற வழக்கை அரசுத் தரப்பு 2018 ஏப்ரலில் கைவிட்டது. ஊர்க்காரர்கள் கசந்துபோனது இதில்தான். மூன்று ஊழியர்கள் கைவிலங்கோடு நடந்தார்கள், 47 மரணங்களுக்கான வழக்கில் கம்பெனியை நடத்தியவர் ஒருவர்கூடக் குற்றக்கூண்டில் ஏறவில்லை.

அந்த ஊர் முழுக்க ஹார்டிங்கை மன்னித்துவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். அப்படி யாராவது எழுதியிருந்தால் அது மிகை. தீர்ப்பைக் கேட்டு நிம்மதி அடைந்தவர்கள் இருந்தார்கள், வெளிப்படையாகச் சொன்னார்கள். அதே சமயம் அவர் தன் வாயால் எங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தவர்களும் இருந்தார்கள், அவருக்கும் பங்கு உண்டு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவில்லை. தன் வருத்தத்தை வழக்கறிஞர் மூலம் தெரிவித்தார். அன்று இரவு ஓட்டலிலிருந்து ஓடிவந்து, எரியாமல் நின்ற டேங்கர்களை இழுத்து அப்புறப்படுத்த அவர் உதவினார் என்பதும் பலருக்குத் தெரியும். இவை எல்லாம் ஒரே மனதுக்குள் சேர்ந்தே இருக்க முடியும். பிள்ளையை இழந்தவர் ஒரே ஆளின்மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வைத்திருப்பதை நான் ஒரு விபத்துக்குப் பிறகு நேரில் பார்த்திருக்கிறேன். அதை விவரிக்க எனக்கு உரிமை இல்லை.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. எம்எம்ஏ எடுத்திருந்த காப்பீடு வெறும் இரண்டரைக் கோடிக் கனடா டாலர். எண்ணெயை ஏற்றி அனுப்பியவர்கள், டேங்கர் கொடுத்தவர்கள் என்று பல கம்பெனிகள் சேர்ந்து ஏறத்தாழ 45 கோடி டாலர் நிதி கொடுத்து வழக்கிலிருந்து விலகின. வழியில் வண்டியை இழுத்து வந்த கனடியன் பசிபிக் ரயில்வே மட்டும் தனக்குப் பொறுப்பில்லை என்று பங்கு தர மறுத்தது. 2022 டிசம்பரில் கியூபெக் உயர்நிலை நீதிமன்றம் அதற்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. இதற்குள் அந்தப் பாதையையே அதே கம்பெனி வாங்கியிருந்தது. ஆக, ஊருக்கு நடுவே போகும் தண்டவாளத்தின் சொந்தக்காரர் இப்போது அவர்கள்தான்.

வெளியூர்க்காரர்களின் எதிர்வினை வேறு மாதிரி. விபத்து நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனர்ஜி ஈஸ்ட் என்ற பெரிய எண்ணெய்க் குழாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. குழாய் வந்தால் ரயில் வேண்டாமே என்று ஒரு தரப்பு. எண்ணெயே வேண்டாம் என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புமே லாக்-மெகாந்திக்கின் பெயரைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் அதே வருடம் நவம்பரில் அலபாமாவிலும், டிசம்பரில் வடக்கு டகோட்டாவின் காசல்டனிலும் எண்ணெய் ரயில்கள் எரிந்தபோது, தண்டவாளத்தை ஒட்டி வாழும் ஊர்கள் எல்லாம் விழித்துக்கொண்டன. விதிகளும் மாறின. ஆபத்தான சரக்கு வண்டிக்குக் கனடாவில் குறைந்தது இரண்டு ஆள் வேண்டும், அதை மெயின் லைனில் ஆளில்லாமல் விடக் கூடாது என்ற உத்தரவு விபத்து நடந்த மூன்றாவது வாரமே வந்தது. பழைய டேங்கர்களை ஒழிக்கும் கால அட்டவணை 2014இலும், தடித்த உடம்பு கொண்ட புதிய டேங்கருக்கான விதி 2015இலும் வந்தன.

ஊர்க்காரர்கள் கேட்டது இதைவிடச் சின்ன விஷயம்: தண்டவாளத்தை எங்கள் தெருவை விட்டு எடுங்கள். அதே 2013 டிசம்பரிலேயே சரக்கு ரயில் மறுபடி ஊர் நடுவே ஓடத் தொடங்கிவிட்டது. ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். மிகையில்லை. விபத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் பொதுச் சுகாதாரத் துறை எடுத்த ஆய்வில் வயது வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் அதிர்ச்சியின் பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தது. ஊரைச் சுற்றிப் போகும் மாற்றுப்பாதைக்கு 2018 மே மாதம் பிரதமர் ட்ரூடோ நேரில் வந்து ஒப்புதல் அறிவித்தார். பன்னிரண்டரைக் கிலோமீட்டர், 13 கோடி டாலருக்கு மேல். செலவு ஏறியது, வருடங்கள் ஓடின. அப்புறம் கோபம் புது இடத்தில் முளைத்தது. பாதை தங்கள் வயல் வழியாக, கிணற்று நீர் வழியாகப் போகும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் ஃப்ரோந்தெனாக் ஊரில் வாக்கெடுப்பு வைத்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். துக்கத்தில் கூட நின்ற அண்டை ஊர்கள் பத்து வருடம் கழித்துத் தண்டவாளத்துக்காகப் பிரிந்து நிற்பதைப் படித்தபோது, விபத்துச் செய்தியைப் படித்தபோது இருந்ததைவிட எனக்குக் கனமாக இருந்தது.

நம்ம பக்கம் அடித்தே கொன்றிருப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது அவ்வளவு உறுதியில்லை. 2025 ஜூலையில் திருவள்ளூர் பக்கத்தில் டீசல் ரயில் எரிந்தபோது, உயிர்ச்சேதம் இல்லாததால் பேச்சு சில நாளில் அடங்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் கதுவாவில் ஓட்டுநர் இல்லாமல் உருண்ட கூட்ஸ் வண்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல் பஞ்சாப்வரை ஓடியது. அதிலும் யாருக்கும் அடிபடவில்லை. நடந்தது அடிப்படையில் நான்ட்டில் நடந்ததேதான், இறக்கத்தில் சரியாகப் பிடித்து வைக்காத வண்டி. ஆனால் நாம் அந்த வீடியோவை வேடிக்கையாகப் பகிர்ந்தோம். நம் ஊர் உண்மையில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல இந்த இரண்டும் போதாது. எனக்குத் தெரிந்தது ரயில்வேக்கு உள்ளே நடப்பது: எந்த விபத்திலும் முதல் சஸ்பென்ஷன் ஓட்டியவனுக்குத்தான். விசாரணை முடிந்து மற்ற காரணங்கள் வெளியே வரும்போது, அவன் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிருக்கும்.

உங்கள் தம்பிக்கு மூன்று சொல்லுங்கள். வண்டியை விட்டு இறங்கும் முன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, எஞ்சின் பிரேக்கை முழுசாக விட்டு, அதற்கப்புறம்தான் வண்டி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டை சக்கரத்தைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு வேகனிலும் டார்ச் அடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும், தொடாவிட்டால் அடுத்த வேகனில் போட வேண்டும். எஞ்சினில் கோளாறு தெரிந்தால் போனில் சொன்னதோடு விடாமல் லாக் புத்தகத்தில் நேரம் போட்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். டியூட்டி முடிந்து கண் சொக்கும் நேரத்தில் இந்த மூன்றுக்கும் சேர்த்து இருபது நிமிடம், சில சமயம் அரை மணி ஆகும். லேட் என்று யாராவது கத்துவார்கள். கத்தட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவனுக்கு வேறு சந்தேகம் இருந்தால் இங்கேயே கேட்கச் சொல்லுங்கள், தெரிந்தவரை எழுதுகிறேன்.